பொழுதுபோக்குக்கு ஒரு லேப்டாப்: எதை, எந்த வரிசையில் சோதிப்பது

லேப்டாப் பார்த்துச் சொல்லும்படி கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் பிராசஸரின் பெயரில்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். படம் பார்க்க, பாட்டுக் கேட்க, எப்போதாவது விளையாட என்றால் அந்தப் பேச்சைக் கடைசிக்குத் தள்ளிவிடலாம். கடந்த சில ஆண்டுகளில் வந்த சாதாரண பிராசஸர்கூட ஒரு படத்தை அலட்டிக்கொள்ளாமல் ஓட்டும். ஆனால் மங்கலான திரை, தகரம்போல் ஒலிக்கும் ஸ்பீக்கர், இரைச்சலான ஃபேன் ஆகிய மூன்றையும் வாங்கிய பிறகு மாற்ற வழியில்லை. அதனால் இந்த வழிகாட்டியில் மாற்ற முடியாதவை முதலில் வருகின்றன. பிறகு சேர்க்கவோ கூட்டவோ முடிந்தவை பின்னால் வருகின்றன.

1 முதல் 3 வரை வாங்கும் முன் செய்ய வேண்டியவை. 9, 10 பகுதிகளில் வரும் போர்ட், ரேம், கிராஃபிக்ஸ் விவரங்களையும் அப்போதே கேட்டுவிடுங்கள். மீதியைப் பெட்டியைத் திறந்த முதல் வாரத்தில், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் செய்ய வேண்டும்.

முன்கூட்டியே எடுத்துவைக்க வேண்டியவை

ஒரு பென்டிரைவில் நான்கு கோப்புகள் போதும். நீங்கள் பலமுறை பார்த்த படத்திலிருந்து ஓர் இருட்டுக் காட்சி, கேமரா மெதுவாகப் பக்கவாட்டில் நகரும் ஒரு காட்சி, வசனம் நிறைந்த ஒரு காட்சி, மனப்பாடமாகத் தெரிந்த ஒரு பாட்டு. பழகிய காட்சிகளாக எடுப்பதற்குக் காரணம் உண்டு: புதிய படத்தில் ஒரு நிழல் கறுப்பாகத் தெரிந்தால், அதை இயக்குநர் வைத்தாரா, திரை விழுங்கிவிட்டதா என்று உங்களுக்குத் தெரியாது.

இவற்றோடு கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம், சாம்பல் என்று ஒரே நிறம் நிரம்பிய ஆறு படங்களையும் போட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் தினமும் பயன்படுத்தும் ஹெட்போன், ஒரு இஞ்ச் டேப், டிவியில் இணைக்கும் எண்ணம் இருந்தால் ஹெச்டிஎம்ஐ கேபிள், இவ்வளவுதான்.

1. உட்காரும் இடத்தை முதலில் அளந்துகொள்ளுங்கள்

சிரிப்பாக இருக்கலாம், ஆனால் நிறையப் பேர் தவறுவது இங்கேதான். கண்ணுக்கும் திரைக்கும் நடுவே எவ்வளவு தூரம் இருக்கப்போகிறது என்று டேப்பால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

15.6 அங்குலத் திரையில் 1920×1080 புள்ளிகள் என்றால் ஓர் அங்குலத்துக்குச் சுமார் 141 புள்ளிகள். சாதாரணப் பார்வை உள்ளவரால் ஏறக்குறைய 60 சென்டிமீட்டருக்கு அப்பாலிருந்து அந்தப் புள்ளிகளைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க முடியாது. மேசைமேல் வைத்துவிட்டு ஒரு மீட்டர் தள்ளி உட்கார்ந்து படம் பார்ப்பவருக்கு, அகலத்தில் இதைப்போல் இரு மடங்கு புள்ளிகள் உள்ள 4கே திரையால் பெரிய பயன் இல்லை. பேட்டரிதான் கூடுதலாகக் கரையும். அந்தப் பணத்தை நல்ல நிறமும் வெளிச்சமும் உள்ள திரைக்குக் கொடுப்பது புத்திசாலித்தனம்.

ஒருவர் மட்டும் மடியில் வைத்துப் பார்ப்பதற்கு 13, 14 அங்குலம் போதும். இரண்டு மூன்று பேர் சேர்ந்து பார்ப்பதென்றால் 16 அங்குலத்துக்குக் கீழே போகாதீர்கள். கூடவே, பக்கவாட்டில் இருந்து பார்த்தாலும் நிறம் மாறாத திரையாக அது இருக்க வேண்டும்.

பெரும்பாலும் டிவியில்தான் இணைத்துப் பார்ப்பேன் என்றால் கதையே வேறு. உங்களுக்குத் திரையும் ஸ்பீக்கரும் இரண்டாம் பட்சம், போர்ட்டுகள்தான் முக்கியம். 2, 5, 6 ஆகியவற்றை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு 9ஆம் பகுதியில் நேரத்தைச் செலவிடுங்கள்.

2. முழு மாடல் எண்ணைப் பிடித்துத் திரையின் விவரத்தைத் தேடுங்கள்

விளம்பரப் பெயர் ஒன்றாக இருந்தாலும், அதே பெயரில் மூன்று நான்கு விதமான திரைகளோடு லேப்டாப்புகள் வரும். விமர்சகர் கையில் இருந்தது நல்ல திரை, உங்கள் வீட்டுக்கு வருவது சுமாரான திரை என்று ஆகிவிடும். அதனால் எழுத்தும் எண்ணும் கலந்த அந்த நீளமான மாடல் எண்ணை வைத்துத் தயாரிப்பாளரின் விவரப் பக்கத்தைப் பாருங்கள்.

அங்கே மூன்று விஷயங்களைத் தேடுங்கள்.

முதலாவது வெளிச்சம். அதை நிட்ஸ் என்ற அளவில் சொல்வார்கள். 250 நிட்ஸ் இரவில் விளக்கைக் குறைத்துப் பார்க்கத்தான் சரிப்படும். 300 இருந்தால் வீட்டுக்குள் சமாளிக்கலாம். பகல் வெளிச்சம் நிறைய வரும் அறை என்றால் 400 தேவை.

இரண்டாவது நிற அளவு. திரை எவ்வளவு நிறங்களைக் காட்டும் என்பதை எஸ்ஆர்ஜிபி, என்டிஎஸ்சி என்ற இரண்டு அளவுகோல்களில் சொல்வார்கள். இங்கே ஒரு பொறி இருக்கிறது. "45% என்டிஎஸ்சி" என்று போட்டிருந்தால் அது எஸ்ஆர்ஜிபி அளவில் அறுபது சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவே. அந்தத் திரையில் சிவப்பு செங்கல் நிறமாகத் தெரியும், முகங்கள் சோகை பிடித்தது போலிருக்கும். படம் பார்க்கத்தான் வாங்குகிறீர்கள் என்றால் எஸ்ஆர்ஜிபி 100 சதவீதத்துக்கு அருகில் இருப்பதை மட்டும் பாருங்கள். இந்த ஒரு விவரத்தைத் தயாரிப்பாளர் சொல்லாமல் விட்டிருந்தால், பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

மூன்றாவது பேனல் வகை. டிஎன் என்றால் வேண்டாம். திரையைக் கொஞ்சம் சாய்த்தாலே மேல்பாதி ஒரு நிறம், கீழ்ப்பாதி ஒரு நிறமாகத் தெரியும். ஐபிஎஸ் பக்கவாட்டுப் பார்வைக்கு நல்லது, ஆனால் அதன் கறுப்பு முழுக் கறுப்பல்ல, அடர் சாம்பல். ஓலெட் திரையில் கறுப்பு உள்ள இடத்தில் புள்ளியே அணைந்துவிடும் என்பதால் இருட்டுக் காட்சிகள் அபாரமாக இருக்கும். அதற்கு விலையும் உண்டு: பெரும்பாலும் பளபளப்பான கண்ணாடி, குறைந்த பிரைட்னஸில் சிலருக்குக் கண்ணை உறுத்தும் மினுமினுப்பு, ஒரே படம் பல மாதங்கள் நின்றால் தழும்பு விழும் அபாயம். படம் பார்க்க மட்டும் என்றால் ஓலெட்டையே சொல்வேன். நாள் முழுக்க அதே லேப்டாப்பில் வேலையும் பார்ப்பவருக்கு நல்ல ஐபிஎஸ் போதும்.

வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டிக் காட்டும் வீடியோ முறைக்கு ஹெச்டிஆர் என்று பெயர். "ஹெச்டிஆர் ஆதரவு" என்ற ஸ்டிக்கரைக் கண்டு மயங்க வேண்டாம். 300 நிட்ஸ் திரையும் ஹெச்டிஆர் சிக்னலை வாங்கிக்கொள்ளும், ஆனால் காட்டுவதற்கு அதனிடம் வெளிச்சம் இருக்காது.

3. வீடியோவை எந்தச் சில்லு அவிழ்க்கிறது என்று பாருங்கள்

பிராசஸரைப் பற்றிப் படம் பார்ப்பவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி வேகம் அல்ல. சுருக்கி வைத்த வீடியோவை அவிழ்ப்பதற்குத் தனிச் சுற்று அதற்குள் இருக்கிறதா என்பதே. இருந்தால் லேப்டாப் சூடாகாது, ஃபேன் சத்தம் போடாது, பேட்டரி நீடிக்கும். இல்லையென்றால் அந்த வேலை முழுவதும் பிராசஸரின் தலையில் விழும்.

ஹெச்.264, ஹெச்இவிசி, விபி9, ஏவி1 என்பவை வீடியோவைச் சுருக்கும் வடிவங்களின் பெயர்கள். ஹெச்.264 எல்லாவற்றிலும் உண்டு. ஹெச்இவிசி 10 பிட்டும் விபி9உம் இன்டெலின் 7ஆம் தலைமுறையிலிருந்து இருக்கின்றன. புதிதாகப் பரவிவரும் ஏவி1 வடிவத்துக்கு இன்டெல் 11ஆம் தலைமுறை, ஏஎம்டி ரைசன் 6000 வரிசை, ஆப்பிள் எம்3, இவையோ இவற்றுக்குப் பின்வந்தவையோ வேண்டும். ஏஎம்டியில் மட்டும் ஓர் எச்சரிக்கை. ரைசன் பெயரில் 7 என்று தொடங்கினாலும் உள்ளே பழைய வடிவமைப்பு இருக்கலாம். 7000 வரிசையின் நான்கு எண்களில் மூன்றாவது எண் 3 என்றால் அது ஏவி1 இல்லாத பழைய ஜென் 3 குடும்பத்தின் மறுபதிப்பாக இருக்க வாய்ப்பு அதிகம், சரிபார்த்துவிட்டு வாங்குங்கள்.

பழைய லேப்டாப்பை வாங்குபவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடக் கூடாது.

4. சோதிக்கும் முன் ஒரு நாள் விட்டுவிடுங்கள்

பெட்டியைத் திறந்த முதல் மணி நேரத்தில் "ஃபேன் கத்துகிறது, மோசம்" என்று முடிவெடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். முதல் நாளில் அப்டேட்டுகள் இறங்கும், கோப்புகளுக்கு அட்டவணை போடும் வேலை பின்னால் ஓடும். லேப்டாப் உழைத்துக்கொண்டிருக்கிறது, அதுதான் சத்தம். எல்லா அப்டேட்டையும் போட்டு, ஒருமுறை அணைத்து எழுப்பி, சார்ஜரில் விட்டுவிட்டு மறுநாள் வாருங்கள்.

அப்புறம் திரையோடு விளையாடும் அமைப்புகளை அணையுங்கள்: தானாகப் பிரைட்னஸ் மாறுவது, நைட் லைட், காட்சிக்கு ஏற்ப ஒளியைக் குறைக்கும் மின்சேமிப்பு. இந்தக் கடைசி ஒன்று பலரை ஏமாற்றிவிடுகிறது. இருட்டுக் காட்சி வந்ததும் திரை தானே மங்கும், வெளிச்சக் காட்சியில் மெல்ல ஏறும். திரை பழுது என்று திருப்பி அனுப்பக் கிளம்பிய ஒருவருடைய லேப்டாப்பில் நான் செய்தது அந்த ஒரு பொத்தானை அணைத்தது மட்டும்தான். விண்டோஸின் டிஸ்ப்ளே அமைப்பிலும், கிராஃபிக்ஸ் சில்லுக்கான தனி ஆப்பிலும், இரண்டு இடத்திலும் தேடுங்கள்.

சார்ஜரைச் செருகிய நிலையிலேயே சோதியுங்கள். பேட்டரியில் ஓடும்போது பல லேப்டாப்புகள் சத்தமில்லாமல் வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும்.

5. திரை

அறையை இருட்டாக்கி முதலில் கறுப்புப் படத்தை முழுத்திரையில் போடுங்கள். ஓரங்களில் வெளிச்சம் கசிகிறதா என்று பாருங்கள். ஐபிஎஸ் திரையில் மூலைகளில் ஒரு மெல்லிய ஒளி இருக்கும். தலையை நகர்த்தினால் அதுவும் நகர்ந்தால் அது பேனலின் இயல்பு. எங்கிருந்து பார்த்தாலும் அதே இடத்தில் நிற்கும் வெள்ளைத் திட்டு என்றால் அது கசிவு. பிரைட்னஸை நூறில் வைத்து இதை முடிவு செய்யாதீர்கள். இரவில் நீங்கள் உண்மையில் வைக்கும் அளவில் தெரிகிறதா என்பதே கேள்வி.

அடுத்து மற்ற நிறங்களை ஒவ்வொன்றாகப் போட்டுச் செத்த புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். ஐந்து நிறங்களும் தேவை. பச்சையில் மட்டும் கறுப்பாகத் தெரியும் புள்ளி வெள்ளையில் கண்ணுக்குத் தப்பிவிடும். திரையை முதலில் துடைத்துக்கொள்ளுங்கள், பாதி செத்த புள்ளிகள் தூசிதான்.

இப்போது இருட்டுக் காட்சியை ஓட்டுங்கள். உங்களுக்குத் தெரிந்த அந்த நிழலில் இருக்கும் ஆள், சுவர், உடையின் மடிப்பு தெரிகிறதா? எல்லாம் ஒரே கறுப்புக் குழம்பாகிவிட்டால் பிரைட்னஸைக் கூட்டிப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் இந்தத் திரையில் இரவுக் காட்சிகளை நீங்கள் ரசிக்கப்போவதில்லை. அதே காட்சியை நிறுத்திவிட்டு, உங்களோடு சேர்ந்து பார்க்கும் மற்றவர் உட்காரும் இடத்துக்கு எழுந்து போய்ப் பாருங்கள்.

அடுத்து கேமரா நகரும் காட்சி. படங்கள் பெரும்பாலும் விநாடிக்கு 24 சட்டகங்கள் (ஃபிரேம்கள்). 60 ஹெர்ட்ஸ் திரையால், அதாவது விநாடிக்கு 60 தடவை புதுப்பிக்கப்படும் திரையால், அதைச் சமமாகப் பங்கிட முடியாது. ஒரு சட்டகத்தை இரண்டு தடவையும் அடுத்ததை மூன்று தடவையுமாக மாற்றி மாற்றிக் காட்டும். மெதுவாக நகரும் காட்சியில் தெரியும் விக்கலுக்குக் காரணம் இதுதான். 120ம் 144ம் 24ஆல் மீதியின்றி வகுபடுவதால் அந்த விக்கல் போய்விடும். 90, 165 ஹெர்ட்ஸ் திரைகளில் எண் பெரிதாக இருந்தாலும் இந்தக் கணக்கு ஒத்துவராது. அமைப்பில் 120க்கு மாற்றிக்கொள்ள முடிகிறதா என்று பாருங்கள். சிலருக்கு இந்த விக்கல் கண்ணிலேயே படாது. அப்படியென்றால் இதற்காக ஒரு பைசாகூடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம்.

ஓலெட் என்றால் பிரைட்னஸை 20 சதவீதத்துக்கு இறக்கி, வெள்ளைப் படத்தின் முன்னால் ஒரு பென்சிலை வேகமாக ஆட்டுங்கள். பென்சில் துண்டு துண்டாகப் பல பென்சில்களாகத் தெரிந்தால் திரை மினுங்குகிறது. பிறகு அரைமணி நேரம் அதே அளவில் படம் பாருங்கள். தலைவலி வரவில்லையென்றால் பிரச்சினை இல்லை.

கடைசியாகத் திரையை அணைத்துவிட்டு, பகலில் நீங்கள் உட்காரும் இடத்தில் வைத்துப் பாருங்கள். உங்கள் முகமும் பின்னால் இருக்கும் ஜன்னலும் தெளிவாகத் தெரிந்தால், படம் ஓடும்போதும் அவை கூடவே இருக்கும்.

6. ஒலி

ஸ்பீக்கர் எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். விசைப்பலகையின் இருபக்கமும் மேல்நோக்கி இருந்தால் நல்லது. அடியில் இருந்தால், மேசையில் வைத்துக் கேட்ட ஒலி வேறு, மெத்தையில் வைத்துக் கேட்கும் ஒலி வேறு. நீங்கள் வைக்கப்போகும் பரப்பிலேயே வைத்துச் சோதியுங்கள்.

பாட்டைவிட வசனக் காட்சியை முதலில் ஓட்டுங்கள். ஃபேன் ஓடும்போதும் தாழ்ந்த குரல் புரிகிறதா? அதுதான் தினசரிப் பிரச்சினை. பிறகு பாட்டை முழுச் சத்தத்தில் வையுங்கள். உடல் அதிர்ந்து விசைகள் கடகடத்தால் அந்தச் சத்தம் எண்ணிக்கைக்கு மட்டும்தான். எந்த அளவுவரை தெளிவாக இருக்கிறதோ அதுவே உங்கள் உண்மையான முழுச் சத்தம்.

டால்பி போன்ற ஒலி அமைப்புகளைப் போட்டும் அணைத்தும் கேளுங்கள். சிறிய ஸ்பீக்கரிலிருந்து மென்பொருளால் ஆழமான பாஸை உண்டாக்க முடியாது, ஆனால் குரலை முன்னுக்குக் கொண்டுவர முடியும்.

ஹெட்போனைச் செருகி, எதுவும் ஓடாத நேரத்தில் "ஸ்ஸ்" என்ற இரைச்சல் இருக்கிறதா என்று கேளுங்கள். புளூடூத்தில் கேட்பவர்கள் உதட்டசைவைக் கவனியுங்கள். நல்ல வீடியோ ஆப்புகள் தாமதத்தை ஈடுகட்டிவிடும், விளையாட்டுகளில் அது நடக்காது. புளூடூத்தில் ஒலி திடீரென்று பழைய தொலைபேசி போல ஆகிவிட்டால் ஏதோ ஒரு ஆப் மைக்கைத் திறந்து வைத்திருக்கிறது. ஹெட்போன் அழைப்பு முறைக்கு மாறியதால் வந்தது அது, பழுதல்ல.

7. ஒரு முழுப் படம், வழக்கமான இடத்தில்

ஐந்து நிமிடச் சோதனையில் எந்த லேப்டாப்பும் குளிர்ச்சியாகத்தான் இருக்கும். வெப்பம் உடலெங்கும் பரவி நிலைக்க அரைமணி நேரமாவது ஆகும். அதனால் ஒரு முழுப் படத்தை ஓட்டுங்கள். மடியில் வைப்பவர் மடியில், படுத்துப் பார்ப்பவர் படுத்தே பார்க்கட்டும். காற்று உள்ளே போகும் துளைகள் அடியில் இருந்தால் மெத்தை அவற்றை மூடிவிடும், ஃபேன் ஏறும். படுத்துப் பார்ப்பவர்கள் திரை எவ்வளவு தூரம் பின்னால் சாய்கிறது என்பதையும் அப்போதே பார்த்துவிடுவார்கள்.

படம் ஓடும்போது ஒருமுறை விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் ஜிபியூவை அழுத்துங்கள். "வீடியோ டிகோட்" என்ற வரைபடம் அசைந்தால் தனிச் சுற்று வேலை செய்கிறது. அது படுத்திருக்க, சிபியூ (பிராசஸர்) மட்டும் மேலே ஏறியிருந்தால் 3ஆம் பகுதியில் பார்த்தது நடக்கவில்லை. பிராசஸரில் வசதி இருந்தும் டிரைவரோ, பிரவுசர் அமைப்போ, தயாரிப்பாளர் ஹெச்இவிசியை முடக்கி விற்றதோ காரணமாக இருக்கலாம். முதலில் வேறொரு பிளேயரில் அதே கோப்பை ஓட்டிப் பாருங்கள்.

8. உண்மையில் எத்தனை புள்ளிகள் வருகின்றன

ஸ்ட்ரீமிங்கில் 4கே திட்டத்துக்குப் பணம் கட்டிவிட்டு அதைவிடக் குறைந்த தரத்தில் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் ஏராளம். படத்தை நகலெடுக்க விடாமல் தடுக்கும் பாதுகாப்பு பிரவுசருக்குப் பிரவுசர் மாறும். விண்டோஸில் நெட்ஃபிளிக்ஸ் எட்ஜ் பிரவுசரில் 4கே வரை தருகிறது. மற்ற பிரவுசர்களில் அந்த அளவுக்குப் போகாமல் இருக்கலாம்.

ஊகிக்க வேண்டாம். நெட்ஃபிளிக்ஸில் கண்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட் மூன்றையும் பிடித்து டி விசையை அழுத்தினால் திரையின் மேல் விவரம் வரும், இப்போது ஓடும் அளவு அதில் இருக்கும். யூடியூபில் வீடியோமேல் வலது சொடுக்கு செய்து "ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்" எடுங்கள். அதில் வீடியோ வடிவமும், தவறவிட்ட சட்டகங்களின் எண்ணிக்கையும் தெரியும். தவறியவை தொடர்ந்து ஏறினால் லேப்டாப் மூச்சு வாங்குகிறது.

வீடியோ அடிக்கடி நின்று சுற்றினால் லேப்டாப்பைக் குறை சொல்லும் முன் ரௌட்டருக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நெட்ஃபிளிக்ஸ் 1080பிக்கு 5 எம்பிபிஎஸ், 4கேவுக்கு 15 எம்பிபிஎஸ் என்கிறது.

9. போர்ட்டுகளும் டிவியும்

ஹெச்டிஎம்ஐ போர்ட் இருப்பது மட்டும் போதாது. அது 1.4 பதிப்பு என்றால் 4கேவில் விநாடிக்கு 30 தடவைதான் திரை புதுப்பிக்கப்படும், மவுஸ் அம்பே திக்கித் திக்கி நகரும். 60க்கு 2.0 தேவை. யூஎஸ்பி சி போர்ட்டில் எல்லாவற்றிலும் படம் வராது. படத்தை வெளியே அனுப்பும் டிஸ்ப்ளேபோர்ட் வசதி உள்ளதா என்று மாடல் எண்ணை வைத்துப் பாருங்கள்.

இணைத்ததும் டிவியில் படம் ஓரங்களில் வெட்டப்பட்டிருந்தால் அது டிவியின் ஓவர்ஸ்கேன் அமைப்பு. ஒலி லேப்டாப்பிலேயே வந்தால் ஒலி வெளியீட்டை நாமே டிவிக்கு மாற்ற வேண்டும். 4கே ஸ்ட்ரீமிங் டிவியில் மட்டும் இறங்கிவிட்டால் வழியில் இருக்கும் பழைய அடாப்டர், ஸ்ப்ளிட்டர், மானிட்டர் ஆகியவற்றில் ஏதோ ஒன்றில் ஹெச்டிசிபி 2.2 என்ற நகல் தடுப்பு வசதி இல்லாமல் இருக்கலாம். ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள்.

டிவிடி நூலகம் வைத்திருப்பவர்கள் யூஎஸ்பி டிரைவ் வாங்கி, விஎல்சி பிளேயரில் ஓட்டிக்கொள்ளலாம். விண்டோஸோடு டிவிடி பிளேயர் வருவதில்லை.

10. விளையாட்டு, ரேம், சேமிப்பு

இவை கடைசியில் வருவதற்குக் காரணம், பல லேப்டாப்புகளில் ரேமையும் எஸ்எஸ்டியையும் பின்னால் கூட்டிக்கொள்ள முடியும். போர்டிலேயே ஒட்டவைத்த ரேம் என்றால் மட்டும் முதலிலேயே 16 ஜிபி எடுத்துவிடுங்கள். தனி கிராஃபிக்ஸ் இல்லாத லேப்டாப்பில் ஒரே ரேம் குச்சி இருந்தால் விளையாட்டின் வேகம் கணிசமாகக் குறையும். இரண்டாகப் போடுவது அங்கே கண்கூடாகத் தெரியும்.

தனி கிராஃபிக்ஸ் வேண்டுமென்றால் பெயரோடு வாட் எண்ணையும் கேளுங்கள். ஆர்டிஎக்ஸ் 4060 என்ற ஒரே பெயரில் 35 வாட் முதல் 115 வாட் வரை லேப்டாப்புகள் உண்டு. மெலிந்த உடலில் இருக்கும் 4060, தடித்த உடலில் இருக்கும் அதே 4060 மாதிரி ஓடாது.

படத் தொகுப்பை எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் வைப்பவருக்கு உள்ளே 512 ஜிபி தாராளம்.

11. பேட்டரி, அப்புறம் பெட்டி

பேட்டரியைக் கடைசியில் சோதிப்பதற்குக் காரணம், திரையின் வெளிச்சத்தை எங்கே வைப்பீர்கள் என்று இப்போதுதான் உங்களுக்குத் தெரியும். அதே அளவில், வைஃபையில், வழக்கமான பிரவுசரில் ஒரு மணி நேரம் ஓட்டி எத்தனை சதவீதம் இறங்கியது என்று பாருங்கள். விளம்பர எண் பெரும்பாலும் மங்கலான வெளிச்சத்தில், உள்ளேயே இருக்கும் கோப்பை ஓட்டி எடுத்தது. பெரும்பாலும் சார்ஜரிலேயே வைத்திருப்பீர்கள் என்றால் 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் அமைப்பைத் தயாரிப்பாளரின் ஆப்பில் தேடிப் போட்டுவிடுங்கள்.

இதெல்லாம் முடியும்வரை உடலின் ஸ்டிக்கர்களைக் கிழிக்காதீர்கள், அட்டைப்பெட்டியையும் உள்ளே இருந்த நுரைத் துண்டுகளையும் தூக்கிப் போடாதீர்கள். திருப்பிக் கொடுக்கும் கெடு எந்தத் தேதி என்பதை அந்தப் பெட்டிமேலேயே பேனாவால் எழுதி வைத்துவிடுங்கள்.